குண்டோதரனுக்கு வேலி போட்ட கதை

நேற்று இரவு எடை போட்டேன், 58 கிராம். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே தராசில் 71 காட்டிய மீன். நடுவில் ஒரு வலை, ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஓர் அக்ரிலிக் தகடு, நாலு நியான் டெட்ரா என்கிற குட்டி மீன் எல்லாம் போயிற்று. தின்னிக் கெளுத்தி வளர்க்கிற யாராவது படித்தால் டப்பாவையாவது மிச்சம் பிடிக்கலாமே என்றுதான் எழுதி வைக்கிறேன்.

மீன் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரைப்டு ராஃபேல். அமேசான், ஒரினோகோ ஆற்றுப் பக்கத்துக் கெளுத்தி. கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை வெளிர் கோடு, அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாகப் பின்னோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள். பக்கத் துடுப்பு இரண்டிலும் முதுகுத் துடுப்பிலும் ஆளுக்கொரு கெட்டி முள் இருக்கும், பயந்தால் அதை விரித்துப் பூட்டிக்கொள்ளும், பூட்டிவிட்டால் அதுவாகத் தளர்த்தினால்தான் உண்டு. இந்த முள்ளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இவன் நீளம் 14 செ.மீ. பெயர் குண்டோதரன், ஏன் என்று விளக்கத் தேவையில்லை. நான்கடித் தொட்டி, மணலைக் கழித்துவிட்டால் சுமார் 200 லிட்டர் தண்ணீர், 26 டிகிரி. கூட இருப்பவர்கள் எட்டு வெண்கலக் கோரிடோராஸ் (அடியில் மேய்கிற சின்னக் கெளுத்தி, இனி சுருக்கமாகக் கோரி), அப்போதைய கணக்குக்கு 18 நியான் டெட்ரா. பகல் முழுக்க ஒரு பிவிசி குழாய்க்குள் படுத்துக் கிடப்பான், விளக்கை அணைத்ததும் கிளம்புவான்.

அந்தக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு நாள் காலை விளக்கைப் போட்டபோது ஆள் வெளியே, குழாய் வாசலில் தலையை மட்டும் உள்ளே நுழைத்தபடி கிடக்கிறான். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கிப் பந்து மாதிரி. உள்ளே போக முட்டுகிறான், போகவில்லை. கடையில் 40 மி.மீ. என்று விற்கிற குழாயின் உள்விட்டம் அளந்து பார்த்தால் 36தான். மேலேயிருந்து ஸ்கேலை வைத்து எடுத்த படத்தில் இவன் இடுப்பு 41.

நான் உடனே நினைத்தது வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் என்று. மற்ற மீன்களுக்கு அது வந்தால் செதில் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்த்ததும் தெரியும். கெளுத்திக்கு ஏது செதில்? அந்த அடையாளத்தை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது இல்லையென்றும் சொல்ல முடியாது. தண்ணீரைச் சோதித்தால் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், அவை கடைசியில் மாறிச் சேர்கிற நைட்ரேட் மட்டும் 40 பிபிஎம். அந்த நாற்பதையே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும், தின்றதெல்லாம் எங்கே போகும். யோசிக்கவில்லை. தனித் தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்று வலையைப் போட்டேன்.

ராஃபேலுக்கு வலை போடவே கூடாது. முள் மூன்றும் விரிந்து வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டது, பக்கவாட்டு முட்கள் வேறு தனியாகக் கொக்கி போட்டுக்கொண்டன. கையில் பிடித்தால் ‘கர்ர் கர்ர்’ என்று சத்தம், முள்ளின் அடி மூட்டை உரசியும் காற்றுப்பையை அதிரவிட்டும் எழுப்புகிற சத்தம். கேட்டால் நாம்தான் ஏதோ கொலை செய்கிறோம் என்று தோன்றும். அவசரத்தில் என் ஆள்காட்டி விரலைத் துடுப்பு முள்ளுக்கும் உடம்புக்கும் நடுவில் கொடுத்துவிட்டேன், பாக்குவெட்டியில் கொடுத்த மாதிரி ஒரு நெரி. கடைசியில் வலையை ஈரத்தோடு வைத்துக் கத்தரியால் ஒவ்வொரு கண்ணாக வெட்டித்தான் எடுத்தேன்.

தனித் தொட்டி 40 லிட்டர், அடியில் மணல் கிடையாது, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒரு பெரிய குழாய்த்துண்டு, அவ்வளவுதான். மருந்து எதுவும் போடுவதற்கு முன் ஓர் இரவு பார்க்கலாம் என்று விட்டது மட்டும்தான் இந்தக் கட்டத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். காலையில் தொட்டியின் அடியில் கழிவு குவிந்து கிடந்தது. இரண்டாம் நாள் இன்னொரு குவியல். அன்றைக்கே இடுப்பு 38, நான்காம் நாள் 34. நோயுமில்லை முட்டையுமில்லை, வெறும் தீனி. முதல் நாள் 71 கிராம் இருந்த எடை நான்காம் நாள் 64. அதாவது ஏழு கிராம் அப்படியே வெளியே வந்திருக்கிறது.

எடை போடுவது எப்படி என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது மட்டும் எனக்குத் தானாகவே சரியாக அமைந்தது. அவன் குழாய்க்குள் இருக்கும்போது தண்ணீருக்கடியிலேயே இரண்டு முனையையும் உள்ளங்கையால் மூடி, குழாயோடு தூக்கி, இரண்டு லிட்டர் டப்பாவில் தொட்டித் தண்ணீர் ஊற்றிப் பூஜ்யம் பண்ணிவைத்த சமையல்கட்டுத் தராசின் மேல் சரித்து விட்டுவிட வேண்டும். குழாயில் தங்கும் தண்ணீரும் கூடவே கொட்டினால் கணக்கு கெட்டுவிடும், அதனால் தூக்கும்போதே ஒரு பக்கத்தில் விரலை லேசாகத் திறந்து வடியவிடுவேன். முள் விரிய நேரமே இருக்காது. எண் ஆடிக்கொண்டேயிருக்கும், மூன்று தடவை பார்த்து நடு எண்ணை எழுதிக்கொள்வேன். ஒரு கிராம் இப்படி அப்படி இருக்கலாம், பரவாயில்லை.

சரி, அதிகம் தின்கிறான், குறைத்துப் போடுவோம் என்று பெரிய தொட்டிக்கு அவனை விட்டதும் மொத்தத் தீனியையும் பாதியாக்கினேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பந்திக்கு முந்துகிறவன் இவன். பாதி போட்டாலும் அந்தப் பாதி முழுவதும் இவன் வயிற்றுக்கு, மிச்சமில்லாதது கோரிகளுக்கு. மூன்று வாரம் கழித்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு கோரியை அடியிலிருந்து பார்த்தேன், வயிறு உள்ளே குழிந்து கிடந்தது. குண்டோதரன் எடை 63. ஒரு கிராம்! எட்டுப் பேரைப் பட்டினி போட்டு ஒரு கிராம்.

அடுத்த முட்டாள்தனம், முழுப் பட்டினி. நாலு நாள் யாருக்கும் எதுவும் போடவில்லை. ஆரோக்கியமான பெரிய மீனுக்கு நாலு நாள் ஒன்றுமே இல்லை, அது உண்மைதான். ஐந்தாம் நாள் டெட்ராவை எண்ணினேன், 14. முதலில் ஃபில்டர் வாயில்தான் தேடினேன், வெட்கமில்லாமல். இரவில் டெட்ரா அசையாமல் மிதக்கும், கெளுத்திக்கு மீசையும் உடம்பெங்கும் சுவை மொட்டுகளும் இருக்கின்றன, வெளிச்சம் எதற்கு? தொட்டியிலிருந்த நத்தைகளும் ஏன் கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் பகலில் கோரிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். கோரி பகலில் மேயும், இவன் இரவு ஆள், நேரத்தைப் பிரித்தால் போதும் என்று. ஆறு நாள் பிரமாதமாக வேலை செய்தது. ஏழாம் நாள் வேஃபர் (மூழ்கும் வில்லைத் தீனி) மணலில் விழுந்த அரை நிமிடத்தில் குழாயிலிருந்து மீசை வெளியே வந்தது, அதன் பின்னால் தலை, பட்டப்பகலில், விளக்கு முழு வெளிச்சத்தில். ஒரு கோரியை அப்படியே தள்ளிவிட்டு வேஃபரின் மேலேயே படுத்துக்கொண்டான். கரைய ஆரம்பித்த வேஃபரை அடியில் வைத்து மூடி, பக்கவாட்டில் யாருக்கும் இடம் விடாமல், வாயை மட்டும் மெதுவாக நகர்த்தி நகர்த்தித் தின்றான். தின்று முடித்ததும் படுத்த இடத்து மணலையும் ஒரு வாய் எடுத்து செவுள் வழியாக உதிர்த்துச் சரிபார்த்தான்.

அன்றைக்குத்தான் கணக்கு பிடிபட்டது. இவன் பங்கைக் குறைத்துப் பிரயோசனமில்லை, இவனுக்கென்று ஒரு பங்கே இருந்ததில்லை. கோரிகளின் சோற்றுக்குத்தான் காவல் வேண்டும்.

முதல் காவல், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. சாப்பாட்டுச் சாமான் வைக்கிற மெல்லிய ரகம், 20 செ.மீ. நீளம். பக்கத்தில் மூன்று வட்ட ஓட்டை, டிரில்லில் மாட்டுகிற வட்ட ரம்பம் (ஹோல் சா) வைத்து 30 மி.மீ. அளவில். இவன் இடுப்பு 34, ஆகவே 30 போதும், கோரி தாராளமாகப் போகும் என்று கணக்கு. விளிம்பை 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியில் கல் வைத்து மூழ்கடித்தேன்.

தப்பு இரண்டு. சின்னத் தப்பு முதலில் தெரிந்தது. கோரிடோராஸ் அவ்வப்போது மேலே விரைந்து போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும், குடல் வழியாகவும் சுவாசிக்கிற மீன் அது. டப்பாவுக்குள்ளிருந்து மேலே பாய்ந்தால் மூடியில் ‘டொக்’. ஓட்டை எங்கே என்று தேடும் பொறுமை அதற்கு இல்லை. இரண்டு பேர் அப்படி இடித்துக்கொண்டதைப் பார்த்ததும் மூடியைக் கழற்றலாம் என்று முடிவு பண்ணி, சரி காலையில் பார்க்கலாம் என்று தூங்கப் போனேன்.

காலையில், ஞாயிற்றுக்கிழமை, குண்டோதரன் பாதி உள்ளே பாதி வெளியே. நான் அளந்தது இடுப்பை. அளந்திருக்க வேண்டியது தலையை. தலை 29 மி.மீ., ஓட்டை 30. தலை போயிற்று, மடிந்த துடுப்பு முள் போயிற்று, வயிறு நின்றுவிட்டது. பயத்தில் உள்பக்கம் முள்ளை விரித்துப் பூட்டிக்கொண்டான். முன்னால் தள்ளினால் வயிறு விடாது, பின்னால் இழுத்தால் துடுப்பு முள்ளும் பக்க முட்களும் ஓட்டை விளிம்பில் கொக்கி போடும். டப்பாவை இழுக்கவே கூடாது. தொட்டியில் பாதித் தண்ணீரை சைஃபன் வைத்து இறக்கி, டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டிங் பிளேயரால் டப்பாவின் மேல் விளிம்பிலிருந்து ஓட்டைவரை இரண்டு வெட்டு. மெல்லிய டப்பாவாக இருந்ததால் பிழைத்தான், கெட்டி அக்ரிலிக்காக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அந்த ஆப்புத்துண்டு விடுபட்டதும் ஒரு நொடி சும்மா கிடந்தான், பிறகு விர்ரென்று குழாய்க்குள் போய்விட்டான். இரண்டு பக்கமும் தோல் உரசி வெள்ளைக் கோடு. சுத்தத் தண்ணீர் தவிர வேறு எதுவும் செய்யவில்லை, இரண்டு நாளைக்கொரு முறை 25 சதவீதம் மாற்றினேன், பத்து நாளில் ஆறிவிட்டது.

ஓட்டை ஒன்று முழு மீனும் தாராளமாகப் போய் வருகிற அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்கு முன்னாலேயே தடுக்கிற அளவில் இருக்க வேண்டும். நடுவில் எந்த அளவும் பொறிதான். இதே காரணத்தால் அவன் படுக்கைக் குழாயையும் அன்றைக்கே 63 மி.மீ. குழாயாக மாற்றிவிட்டேன், 36க்குள் 41 எப்போதாவது நுழைந்து மாட்டியிருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது.

அடுத்தது வேலி. டப்பா கூடாது, மேலே திறந்திருக்க வேண்டும், அப்படியென்றால் தொட்டியின் ஒரு மூலையையே அடைத்துவிடலாம். 3 மி.மீ. அக்ரிலிக் தகடு, 28 செ.மீ. அகலம், 48 உயரம். மூலையில் குறுக்காக நிறுத்தினால் இரண்டு பக்கமும் 20, 20 செ.மீ. வரும், நடுவில் ஒரு முக்கோண அறை. தண்ணீர் 40 செ.மீ. உயரம், தகடு அதற்கு மேலே தலை நீட்டும். நிற்கும் விளிம்பு இரண்டையும் அரம் போட்டு 45 டிகிரிக்குச் சரித்தால் கண்ணாடியோடு இடைவெளி இல்லாமல் உட்காரும்.

வாசலுக்கு வட்டத்தை விட்டுவிட்டு நின்றவாக்கில் நீள ஓட்டை. என் கோரிகள் 5, 6 செ.மீ. இருக்கும், உடம்பு ஒல்லி, ஆனால் முதுகுத் துடுப்பைத் தூக்கினால் உயரம். அட்டையில் வெட்டித் தொட்டிக்குள் பிடித்துப் பார்த்தேன். 16 மி.மீ. அகலத்தில் பெரிய பெண் கோரி வந்து நின்று யோசித்துத் திரும்பிப் போனது, 19இல் யோசிக்கவேயில்லை. 29 மி.மீ. தலைக்கு 19 என்றால் மூக்கு மட்டும் நுழையும், முள்வரை வராது. ஆக 19 அகலம், 45 உயரம், மொத்தம் ஐந்து வாசல்.

வெட்டுவது இப்படி: 19 மி.மீ. ஓட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு, நடுப்புள்ளிகளுக்கு இடையே 26 மி.மீ. பிறகு இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டால் மேலும் கீழும் வளைந்த வாசல் கிடைக்கும், கூர் மூலை இருக்காது. முதல் தகடு மூன்றாவது வாசலில் விரிசல் விட்டது, டிரில்லை வேகமாக ஓட்டினேன், சூட்டில் அக்ரிலிக் இளகி முனையைக் கவ்வி ‘படக்’. இரண்டாவது தகடுக்கு அடியில் பலகை வைத்துக் கிளாம்ப் போட்டு, மெது வேகத்தில், துளித்துளியாகத் தண்ணீர் விட்டு, கடைசி ஒரு மில்லிமீட்டரைப் பின்பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று. மேல் பாதியில் 6 மி.மீ. ஓட்டை இருபது, தண்ணீர் ஓடுவதற்கு. விளிம்பெல்லாம் உப்புத்தாள். மணலுக்குள் 4 செ.மீ. புதைத்து, நாலு சக்‌ஷன் கப் போட்டுப் பிடித்தேன்.

கோரிகள் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. முதல் நாள் வாசல் அருகிலேயே கொஞ்சம் தூவி, மறுநாள் ஒரு கை உள்ளே தள்ளி, அப்படிப் பழக்கினேன். இப்போது வாசல்களிலிருந்து 10 செ.மீ. உள்ளே, மூலையில்தான் விழும். வாசலருகே போட்டால் இவன் மூக்கை நுழைத்து உறிஞ்சுகிறான், அந்த வாய் இழுப்பில் துகள்கள் வந்துவிடுகின்றன. அந்தப் பதினைந்து நிமிடம் ஃபில்டரையும் நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் ஓட்டம் துகளை வெளியே கொண்டுவந்து கொடுத்துவிடும். ஒரு தடவை மறந்துபோய் இரவெல்லாம் நிறுத்தியே வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு டைமர்.

அவனுக்கென்று தனிப் பந்தி. 20 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிமாதிரி அக்ரிலிக் குழாய், மேலிருந்து நேராக அவன் படுக்கை வாசலுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டுக்கு இறங்குகிறது. தட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் மூன்று விரற்கடை. வெள்ளைத் தட்டு வைத்ததற்குக் காரணம், காலையில் மிச்சமிருந்தால் பளிச்சென்று தெரியும். (ஒரு நாளும் மிச்சமிருந்ததில்லை.) மூழ்கும் உருண்டை 3 மி.மீ. ரகம், நகைத் தராசில் நூறு உருண்டை 1.9 கிராம். முன்பெல்லாம் இவன் ஓரிரவில் மூன்று வேஃபரைத் தின்றான், அதுவே 1.2 கிராம், அதன் மேல் கையில் கிடைத்ததெல்லாம். ஒரு தம்ளர் தண்ணீரில் பத்து உருண்டை போட்டுப் பார்த்தேன், இருபது நிமிடத்தில் 5 மி.மீ. வரை ஊதிவிட்டன. அந்தக் காலைப் பந்து வயிற்றில் பாதி தண்ணீராகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இப்போதைய முறை: வாரம் நான்கு இரவு, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து. இளைக்கிறவரை இருபது உருண்டை, அதாவது 0.38 கிராம். இப்போது முப்பது. நான்கில் ஒரு நாள் உருண்டைக்குப் பதில் உறைய வைத்த இறாலில் ஒரு சின்னத் துண்டு, உருகவிட்டு. மீதி மூன்று இரவு ஒன்றுமில்லை. வாரம் ஒரு இரவாவது சிவப்பு விளக்கு போட்டு உட்கார்ந்து பார்ப்பேன், அந்த வெளிச்சத்தில் அவன் கண்டுகொள்வதில்லை.

வேலி போட்டு முடித்தது ஒன்பதாவது வாரம். அன்றைக்கு 63. நான்கு வாரம் கழித்து 61, அடுத்த நான்கில் 60, இப்போது 58, இடுப்பு 32. வாரக் கடைசியில் தண்ணீர் மாற்றுவதற்கு முன் நைட்ரேட் 20. கோரிகளின் வயிறு மறுபடி உருண்டுவிட்டது. டெட்ரா 14 பதினாலாகவே இருக்கிறது, இதை ஒவ்வொரு ஞாயிறும் எண்ணுகிறேன். ஆனாலும் அவன் வாய்க்கு அடங்குகிற அளவு மீனை இனி அந்தத் தொட்டியில் சேர்க்க மாட்டேன், முதலிலேயே செய்திருக்கக் கூடாதது அது.

திரும்பச் செய்தால் சில விஷயங்களை மாற்றுவேன். தொட்டி அமைக்கும்போதே வேலிக்கு இடம் விடுவேன், நட்ட செடியைப் பிடுங்கி நட வேண்டியிருந்தது. தகடு 3 மி.மீ.க்குப் பதில் 4, ஏனென்றால் ஈரத்தில் நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. சக்‌ஷன் கப்பை நம்ப மாட்டேன், இரண்டு இரண்டு மாதத்தில் கெட்டியாகி விட்டுவிடுகின்றன. அப்புறம் புதைப்பு. 4 செ.மீ. போதாது.

போன வாரம் சிவப்பு விளக்கில் பார்த்தபோது ஐயா வேலியின் அடியில் தலையைக் கீழே கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, மணலைத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தார். காலையில் அளந்தேன், மூன்று செ.மீ. தோண்டியிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு தட்டைக் கல் வைத்திருக்கிறேன், கால் கிலோ. இன்று காலை கல் ஒரு விரல் நகர்ந்திருக்கிறது.